பார்மா நகரத்து எழுத்துச் சிற்பி

தடித்த தூணும் மயிரிழைக் கோடும் ஓரெழுத்திலேயே அருகருகே நிற்கும் ரோமன் அச்செழுத்தை ஆங்கில ஏடுகளின் தலைப்புகளில் காணாதார் அரியர். அதனை நிறைவுக்குக் கொணர்ந்தோருள் தலையாயவர் இத்தாலியரான ஜியாம்பத்திஸ்தா போதோனி.

1740-ல் அச்சுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே ரோம் சென்றார். கத்தோலிக்கத் திருச்சபை தன் சமயத்தைப் பரப்புதற்கென 1626-ல் நிறுவிய அச்சகத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்த கீழைமொழி அச்சுகளைத் துலக்கி வகைப்படுத்துவது அவர் பணி. எழுத்தை அளந்து நோக்கும் கண்ணை அவருக்கு அளித்ததில் அரபுக்கும் ஹீப்ருவுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன். எழுதுகோல் முனை இடும் புள்ளியையே அளவையாக்கி எழுத்துகளுக்கு இலக்கணம் வகுத்தவர் ஹிஜ்ரி 328-ல் மறைந்த நம் இப்னு முக்லா அல்லவா!

1768-ல் பார்மா கோமகனின் அச்சகத்தை ஏற்ற போதோனி, தொடக்கத்தில் பிரான்சின் ஃபூர்னியேயைப் பின்பற்றினார். பின்னர் இங்கிலாந்தின் பாஸ்கர்வில் காட்டிய வழியில் சென்று, அவரினும் கோடுகளை மெலிவித்தார். வழுவழுப்பான தாளும் நல்ல கரிய மையும் இன்றேல் அக்கோடு பதியாது; முரட்டுத் தாளில் அறுந்து மறையும். எனவே அவர்தம் எழில் பெரிதும் செல்வர் மாளிகைகளுக்கே வாய்த்தது. மலிவுத் தாளில் பாடம் படிக்கும் ஏழைச் சிறுவனுக்கு அது எட்டவில்லை. அவரைப் புகழ்வோர் இதனை மறைத்தல் முறையன்று.

1806-ல் கிறித்தவப் பிரார்த்தனை ஒன்றை 155 மொழிகளில் அச்சிட்டார். இளமையில் துலக்கிய அரபும் அவற்றுள் ஒன்று. 1813-ல் அவர் மறைந்தபோது எழுத்து மாதிரிப் பெருநூல் வெளிவந்திருக்கவில்லை. 1818-ல் அதனை இரு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தவர் அவர் மனைவி மார்கெரீத்தா.