வலிப்பு நோயும் தொலைவழி மருத்துவமும்

காட்கோபர் இரயில் நிலையத்து நெரிசலில் ஒருவர் வலிப்புற்று விழுவாராயின், சுற்றி நிற்போர் முதலில் செய்வது யாது? நம்மவர் சாவிக்கொத்தைத் தேடுவர். வடக்கத்தியார் வெங்காயத்தை மூக்கருகே பிடிப்பர். அதற்குள் வலிப்பு தானே தணிந்துவிடும். பெரும்பாலும் அஃது இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. இரும்பு காத்தது என்னும் நம்பிக்கை மட்டும் எஞ்சி நிற்கும்.

இந்நோய் நமக்குப் புதியதன்று. மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்தினாள் என்றும், தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொணர்ந்து கிடத்தினான் என்றும், ஞானசம்பந்தர் பதிகம் பாட நோய் நீங்கிற்று என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கூத்தப்பெருமானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனுக்கு வடமொழியில் அபஸ்மாரம் என்று பெயர். ஆயுர்வேத நூல்கள் வலிப்பு நோய்க்கு வழங்கும் பெயரும் அதுவே.

இது தெய்வக் குற்றமன்று, மூளையில் தோன்றும் நோயே என்று கி.மு. 400ஐ ஒட்டிக் கிரேக்க மருத்துவ நூலொன்று உரைத்தது. ஆயினும் பயன் தரும் மருந்துகள் நெடுங்காலம் கழித்தே வந்தன. 1857இல் புரோமைடும், 1912இல் பினோபார்பிட்டாலும், 1938இல் பெனிடாயினும் வழக்கிற்கு வந்தன. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டார். தக்க மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மருந்து வந்தும் அச்சம் விலகவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருவோர் இந்துத் திருமணச் சட்டப்படி மணம் புரியத் தகுதியற்றவராயினர். 1970இல் தோன்றிய இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தார் முதலியோர் இதனை எதிர்த்துப் பாடுபட்டனர். 1999இல் அச்சொல் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. வீட்டுக்குள் மறைத்து வைக்கும் வழக்கமோ இன்னும் முற்றும் நீங்கவில்லை.

இனி, தொலைவிலிருந்தே மருத்துவம் பார்க்கும் வரலாற்றுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு மார்ச்சு 24இல் ஆந்திரத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரில் தொலைவழி மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இருபது ஆண்டுகள் அது பெரும்பாலோர்க்குச் செய்தியாகவே இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் இரயில்கள் நின்றன. ஊரிலுள்ள மருத்துவரிடம் மாத்திரை வாங்கிவந்த குடும்பங்கள் இங்கே தவித்தன. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிருக்கே கேடு விளையலாம். மார்ச்சு 25இல் இந்திய அரசு தொலைவழி மருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதி நோயாளிக்கும் ஆலோசனை வழங்கலாம் என்று அது தெளிவாக்கிற்று. திருநெல்வேலி மருத்துவர் காட்கோபர்த் தாயிடம் தமிழிலேயே பேச வழி பிறந்தது.

நோயாளிகள் இதனை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். வலிப்பு வந்த விதத்தை அரைகுறை இந்தியில் சொல்வதினும் தாய்மொழியில் சொல்வது எளிது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி வழியே கவனிக்கப்பட்டோர்க்கும் நேரில் வந்தோர்க்கும் இடையே வலிப்பு மீள்வதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

மருத்துவர்களின் தயக்கமும் தள்ளத்தக்கதன்று. வலிப்பை மருத்துவர் நேரில் காண்பது அரிது; கண்டவர் வாய்மொழியே அவருக்குச் சான்று. வீட்டார் கைப்பேசியில் எடுத்த படம் இதற்குப் பேருதவி. ஆனால் மருந்தினால் நடை தள்ளாடுகிறதா, ஈறு தடித்துள்ளதா என்பதை நேரில் அறிவது போல் தொலைவிலிருந்து அறிய இயலாது. மூளை மின்னலைச் சோதனைக்கும் நேரில் வந்தே ஆகவேண்டும். இன்னொன்று: வால்புரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது. ஆதலின் இளம் பெண்ணிடம் மருத்துவர் தனித்துக் கேட்க வேண்டிய செய்திகள் உள. அண்ணனின் கைப்பேசியில், ஓரறை வீட்டில், அனைவர் செவியும் கூர்ந்திருக்க, அவள் எவ்வாறு விடையளிப்பாள்?

எனவே நாம் கொள்ளத்தக்க வழி இது: நோயை முதலில் நேரில் காட்டி உறுதி செய்துகொள்வோம், தொடர்ந்த கவனிப்பைத் தொலைபேசியில் பெறுவோம், ஆண்டில் ஓரிரு முறை நேரில் செல்வோம். பெண்மக்களுக்குத் தனிமையில் பேச இடம் தருவோம். மருந்தை நாமாக நிறுத்தாதிருப்போம். வலிப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தால் தொலைபேசியில் ஆலோசித்துக் காத்திராது, இராஜாவாடி போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவோம்.

கொல்லி மழவன் ஒரு நாட்டின் தலைவன். ஆயினும் தன் மகளின் நோயை அவன் மறைக்கவில்லை. ஊரறியக் கோயிலுக்குக் கொணர்ந்தான். அத்தந்தையின் துணிவு நமக்கும் வேண்டும்.