அண்டர் ஆர்ம்னா அவ்வளவு இளப்பமா?

சென்னிமலையில தறிச்சத்தம் கேக்குற சந்துகள்ல கிரிக்கெட் ஆடினவங்களுக்கு ஒரு விதி தெரியும். சந்து குறுகலா இருந்தா அண்டர் ஆர்ம்தான். ஓவர் ஆர்ம் போட்டா பந்து எவங்க வீட்டு ஓட்டுமேலயாவது ஏறிக்கும், அப்புறம் ஆட்டம் அம்பேல். அதனாலயே அண்டர் ஆர்ம்னா நமக்கு ஒரு இளப்பம். பொடிசுங்க போடுற பந்து, அவ்வளவுதான்.

போன மாசம் அக்கா மக தோள்ல ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எட்டாவது படிக்கிறா, பள்ளி சாப்ட்பால் அணியில பந்து வீசுற பிட்சர். "வேகமா வீசு, இன்னும் வேகமா வீசு"ன்னு மட்டும்தான் அங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. ரெண்டு வாரம் பந்தைத் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். "அண்டர் ஆர்ம்தானே கண்ணு, அதுல எப்படி கை வலிக்கும்?"னு நானும் கேட்டு வச்சேன். அது எவ்வளவு மட்டமான கேள்வின்னு கொஞ்சம் படிச்ச பிறகுதான் உறைச்சது.

கிரிக்கெட்டே அண்டர் ஆர்மில் பிறந்த ஆட்டம்தான். கையை மேலே தூக்கினால் நோ பால். 1822-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜான் வில்ஸ் என்பவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி வீச, நடுவர் நோ பால் கொடுத்தார். மனுஷன் கோபத்தில் குதிரை ஏறிக் கிளம்பிவிட்டாராம். அந்த வீச்சை அவருக்குக் காட்டியதே தங்கை கிறிஸ்டினாதான், அகலப் பாவாடை இடித்ததால் அவள் கையைத் தள்ளி வீசினாள் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நல்ல கதை. தோள் உயரம் வரை கையைத் தூக்க 1835-ல் அனுமதி வந்தது. 1862-ல் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் தோளுக்கு மேல் வீசி, அடுத்தடுத்து நோ பால் வாங்கி, வெளியேறினார். இரண்டு வருஷம் கழித்து 1864-ல் ஓவர் ஆர்மே சட்டமாகிவிட்டது. அதன்பிறகு அண்டர் ஆர்ம் மெல்ல மெல்ல கேலிப்பொருளானது. 1981-ல் மெல்போர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ஓட்டம் தேவைப்பட்டபோது, அண்ணன் கிரெக் சாப்பல் சொன்னபடி தம்பி டிரெவர் பந்தைத் தரையில் உருட்டிவிட்டதோடு மொத்த மானமும் போனது.

ஆனால் சமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் அதே வீச்சுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. 1887-ல் சிகாகோவில், ஒரு படகு கிளப் கூடத்தில், கால்பந்து முடிவுக்குக் காத்திருந்த இளவட்டங்கள் பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கிப்போட்டு கட்டையால் அடித்து விளையாடினார்கள். அதைப் பார்த்து ஜார்ஜ் ஹான்காக் என்பவர் உருவாக்கிய ஆட்டம்தான் பின்னாளில் சாப்ட்பால். அந்தப் பெயர் 1926-ல் வந்தது. சின்ன இடத்துக்கு அண்டர் ஆர்ம். நம்ம சந்து கணக்கேதான் :-)

அந்த வீச்சு எங்கே போய் நின்றது தெரியுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்து வீசி, அமெரிக்காவை வீழ்த்தித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். 2021-ல் டோக்கியோவில், 39 வயதில், மறுபடியும் தங்கம். பெண்கள் சாப்ட்பாலில் வீசும் தூரம் 43 அடி. இவர்கள் வேகத்துக்கு மட்டையாளருக்குக் கிடைப்பது அரை நொடிக்கும் குறைவு.

இந்த வேகம் வெறும் கையிலிருந்து வருவதில்லை. பின்காலால் தரையை உந்தி, முன்காலை நீளமாக எடுத்து வைக்க வேண்டும். கை காற்றாடி மாதிரி உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்போது அந்த முன்கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் பாய்கிறோம் இல்லையா? அதேதான். கால் நின்றதும் அந்த வேகம் இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறிப்போய், இடுப்பருகே பந்தாக வெளியேறும். கால் முன்கூட்டியே ஊன்றிவிட்டால் உந்தின வேகம் கை வருவதற்குள் செத்துப்போகும். தாமதமாக ஊன்றினால், கை கீழே வந்த பிறகுதான் உடம்பு வரும். ரெண்டிலும் பாரம் முழுக்கத் தோள் தலையில்.

பாரம்னா சும்மா இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வீசிய பெண்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, தோள்மூட்டை வெளியே பிடுங்கும் விசை சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம் இருந்தது. 50 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பந்துக்கும் 40 கிலோ இழுவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அண்டர் ஆர்ம் கையை நோகடிக்காது என்று ரொம்ப காலம் நம்பினவர்களில் நானும் ஒருத்தன்!

ரெண்டு வாரம் கழிச்சு அவ வாசல்ல வீசிப் பாத்தா. திண்ணையில இருந்த எங்கப்பா (40 வருஷம் குழித்தறி ஓட்டினவர், சாப்ட்பால்னா என்னன்னே தெரியாது) கொஞ்ச நேரம் பாத்துட்டு சொன்னார்:

"அம்மிணி, காலு மிதிக்கறதுக்கு முந்தி உங்கை போயிருது பாரு. தறியில இப்படி இழுத்தீன்னா இழை அறுந்துரும்."

தறி பாக்காதவங்களுக்கு: மிதிகட்டையை மிதிச்சாத்தான் பாவு ரெண்டாப் பிரிஞ்சு வழி விடும். அப்புறம் கயிறை இழுத்தா நாடா பறக்கும். பிரியறதுக்கு முந்தி இழுத்தா நாடா பாவுல மோதும். சென்னிமலைப் போர்வை ஒவ்வொண்ணுலயும் ஆயிரக்கணக்கான தடவை இந்த வரிசை இருக்கு. முதல்ல கால், அப்புறம் கை.

இப்ப அவ வேகத்தை மறந்துட்டு, பாதி தூரத்துல நின்னு, "மிதி... இழு..."ன்னு முணுமுணுத்துக்கிட்டே வீசுறா. வேகம் இன்னும் வரல. தோள் வலியும் வரல.

டிஸ்கி: சந்து கிரிக்கெட்ல என் அண்டர் ஆர்ம் பந்துல அவுட்டாகி அழுத பெருமக்கள் யாராச்சும் இதைப் படிச்சா, இனிமே அதை இளப்பமா சொல்லாதீங்க சாமி.