2001: இரண்டு பெல்ட்டுகள் ஒன்றான வருடம்

"அதெல்லாம் டூப்புப்பா, முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுத்தான் அடிச்சுக்கிறாங்க!" மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். உண்மைதான். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். 1989ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே நியூஜெர்சி மாநில செனட் சபையிடம், தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

சரி, அப்படியென்றால் "சாம்பியன்" என்ற வார்த்தைக்கு அங்கே என்ன அர்த்தம்? முடிவு தெரிந்த ஆட்டத்தில் பட்டம் எதற்கு, டோர்னமெண்ட் எதற்கு? இதற்கு 2001ஆம் வருடத்தை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அந்த ஒரு வருடத்தில் பெல்ட்டுகள் கை மாறிய கதை, ஒரு தொழிலே கை மாறிய கதை.

வருட ஆரம்பத்தில் நிலவரம்

2001 ஜனவரியில் அமெரிக்காவில் பேர் சொல்லும்படி மூன்று மல்யுத்த நிறுவனங்கள் இருந்தன. முதலாவது, வின்ஸ் மக்மஹானின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அதுதான் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. இரண்டாவது, டெட் டர்னரின் தொலைக்காட்சி சாம்ராஜ்யத்தில் வளர்ந்த டபிள்யூ.சி.டபிள்யூ. மூன்றாவது, ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த சின்ன நிறுவனமான ஈ.சி.டபிள்யூ.

1996-98 காலத்தில் டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' நிகழ்ச்சி, டிவி ரேட்டிங்கில் மக்மஹானின் 'ரா' நிகழ்ச்சியைத் தொடர்ந்து 83 வாரங்கள் தோற்கடித்தது. ஒவ்வொரு திங்கட்கிழமை இரவும் இரண்டும் ஒரே நேரத்தில் மோதும். ஆனால் 2001ல் நிலைமை தலைகீழ். ஈ.சி.டபிள்யூ. ஜனவரி 13ஆம் தேதி அர்க்கன்ஸாவில் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது, ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். டர்னர் சேனல்களின் புதிய நிர்வாகம் மல்யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. டிவி நேரம் இல்லாத கம்பெனியை யார் வாங்குவார்கள்? எரிக் பிஷாஃப் தரப்பு வாங்குவதாக இருந்த பேரமும் அதோடு முறிந்தது. மார்ச் 23ஆம் தேதி, எதிரியான மக்மஹானே அதை வாங்கிவிட்டதாக அறிவித்தார்.

எட்டு நாள் சாம்பியன்கள்

இதில் எனக்குப் பரிதாபமாகத் தோன்றும் விஷயம் ஒன்று உண்டு. டபிள்யூ.சி.டபிள்யூ. தன் கடைசி நாட்களில் ஒரு புதுப் பட்டத்தையே உருவாக்கியது. குறைந்த எடை வீரர்களுக்கான இரட்டையர் பட்டம் அது. அதற்காக ஒரு டோர்னமெண்ட் நடந்தது. மார்ச் 18ஆம் தேதி ஜாக்ஸன்வில்லில் நடந்த 'க்ரீட்' நிகழ்ச்சியில் இறுதிப்போட்டி. எலிக்ஸ் ஸ்கிப்பர், கிட் ரோமியோ ஜோடி, பில்லி கிட்மன் - ரே மிஸ்டீரியோ ஜோடியை வீழ்த்தி முதல் சாம்பியன்கள் ஆனது.

ஐந்தே நாளில் கம்பெனி கை மாறியது. எட்டாவது நாள், மார்ச் 26, ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கடைசி நைட்ரோ. அங்கே கிட்மனும் மிஸ்டீரியோவும் அந்தப் பட்டத்தை ஜெயித்தார்கள். அத்தோடு அந்தப் பட்டமும் காணாமல் போனது! அதே இரவில் ஸ்காட் ஸ்டைனரிடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தை புக்கர் டி கைப்பற்றினார். கடைசி ஆட்டம் ரிக் ஃப்ளேருக்கும் ஸ்டிங்குக்கும். 1995 செப்டம்பரில் நடந்த முதல் நைட்ரோவிலும் இவர்கள் இருவரும் மோதியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதில் நடிப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ராஜாவுக்கு ஒரு டோர்னமெண்ட்

இந்தப் பக்கம் மக்மஹானின் கொடி உயரப் பறந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் ரெஸ்ல்மேனியா. நிறுவனம் அறிவித்த கூட்டம் 67,925 பேர். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின், அதுவரை தன் பரம எதிரியாக இருந்த மக்மஹானுடனேயே கைகோர்த்து தி ராக்கை வீழ்த்தி சாம்பியன் ஆனார்.

ஜூன் 24ஆம் தேதி நியூஜெர்சியில் 'கிங் ஆஃப் தி ரிங்' டோர்னமெண்ட். அரையிறுதியில் எட்ஜ் ரைனோவையும், கர்ட் ஆங்கிள் கிறிஸ்டியனையும் வென்றார்கள். இறுதிப்போட்டியில் ஆங்கிளை வீழ்த்தி எட்ஜ் மகுடம் சூடினார். தோற்ற ஆங்கிள் யார் தெரியுமா? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் நிஜமான தங்கம் வாங்கிய மல்யுத்த வீரர்! நிஜத் தங்கம் வாங்கியவர் ஒரே இரவில் அரையிறுதி, இறுதி, பிறகு முதலாளி மகன் ஷேன் மக்மஹானுடன் ஒரு தெருச்சண்டை என்று மூன்று ஆட்டம் ஆடி உடம்பெல்லாம் புண்ணாகித் திரும்பினார்.

இங்கேதான் நம் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. இந்த டோர்னமெண்ட்டுகள் யார் பலசாலி என்று கண்டுபிடிக்க நடப்பவை அல்ல. "இவரை நம்பி அடுத்த சில வருடம் கடை நடத்தப் போகிறோம்" என்று நிர்வாகம் ரசிகர்களிடம் சொல்லும் வழி அது. எட்ஜ் 2006 ஜனவரியில்தான் முதன்முதலாக டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார்.

படையெடுப்பு

வாங்கிய டபிள்யூ.சி.டபிள்யூ.வைத் தனிக் கம்பெனியாக நடத்தத்தான் முதலில் திட்டம். ஜூலை 2ஆம் தேதி டகோமாவில் ரா நிகழ்ச்சியின் கடைசி ஆட்டத்தை அவர்கள் பாணியில் நடத்திப் பார்த்தார்கள். புக்கர் டிக்கும் பஃப் பேக்வெல்லுக்கும் சண்டை. அரங்கமே கூச்சலிட்டு விரட்டியது. திட்டம் மாறியது. டபிள்யூ.சி.டபிள்யூ., ஈ.சி.டபிள்யூ. ஆட்கள் சேர்ந்து படையெடுத்து வருவதாகக் கதை எழுதினார்கள்.

ஆனால் அந்தப் படையில் பெரிய தளபதிகள் இல்லை. கோல்ட்பெர்க், ஸ்டிங், கெவின் நாஷ் போன்றவர்களுக்குப் பழைய தாய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பாக்கி இருந்தது, வீட்டில் இருந்தே சம்பளம் வாங்கினார்கள். ரசிகர்கள் வருடக்கணக்காகக் கனவு கண்ட மோதல் பாதிப் படையோடு நடந்து முடிந்தது.

நடுவில் செப்டம்பர் 11. இரண்டே நாள் கழித்து ஹூஸ்டனில் நேரடி நிகழ்ச்சி நடத்தினார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில், சொந்த ஊர் மக்கள் முன்னால், ஆங்கிள் ஆஸ்டினை வென்று சாம்பியன் ஆனார். நாடு துக்கத்தில் இருந்தபோது ஒலிம்பிக் வீரர் கையில் பெல்ட். பதினைந்து நாளில் அது மறுபடி ஆஸ்டினிடம் போனது.

அந்த வருடம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பட்டம் 5 முறை கை மாறியது. டபிள்யூ.சி.டபிள்யூ. பட்டம் 7 முறை. கம்பெனி செத்த பிறகும் அதன் பெல்ட் மட்டும் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நவம்பர் 18ஆம் தேதி சர்வைவர் சீரிஸில் படையெடுப்பு தோற்கடிக்கப்பட்டு, இரட்டையர் பட்டங்கள் உட்பட சிறிய பட்டங்கள் இணைக்கப்பட்டன.

டிசம்பர் 9

மிஞ்சியது இரண்டு பெரிய பெல்ட்டுகள். சான் டியாகோவில் 'வெஞ்சன்ஸ்' நிகழ்ச்சி. நான்கு பேர், ஒரே இரவு, ஒரு குட்டி டோர்னமெண்ட். ஆஸ்டின் ஆங்கிளை வென்றார். கிறிஸ் ஜெரிகோ ராக்கை வென்றார். கடைசியில் ஜெரிகோ ஆஸ்டினையும் வீழ்த்தி, இரண்டு பெல்ட்டையும் தோளில் போட்டுக்கொண்டு முதல் 'மறுக்கமுடியாத சாம்பியன்' ஆனார்.

இறுதியில் நின்ற இருவரையும் கவனியுங்கள். ஆஸ்டினை 1995ல் வேலையை விட்டுத் தூக்கியது டபிள்யூ.சி.டபிள்யூ. ஜெரிகோவும் அங்கே இருந்தவர்தான். அவருக்கு அங்கே உலக சாம்பியன் பட்டம் கிடைக்கவே இல்லை. 1999ல் இந்தப் பக்கம் வந்தார். ஒரு முதலாளி மதிக்காவிட்டால் இன்னொரு முதலாளியிடம் போகலாம் என்று ஒரு கதவு திறந்திருந்ததால்தான் இருவரும் அந்த மேடைக்கு வந்தார்கள். இரண்டு பெல்ட் ஒன்றானபோது அந்தக் கதவுதான் மூடியது. என்னைக் கேட்டால், அந்த வருடத்தின் உண்மையான தோல்வி அதுதான். அது ரிங்கில் நடக்கவில்லை, அதற்கு மணியும் அடிக்கவில்லை.

எதிரி இல்லாத பட்டத்துக்கு மவுசு இல்லை என்று மக்மஹானுக்கும் சீக்கிரமே புரிந்தது. 2002 செப்டம்பர் 2ஆம் தேதி, ஒன்பது மாதம்கூட முடியாத நிலையில், ரா நிகழ்ச்சிக்கென்று இரண்டாவது உலகப் பட்டத்தை உருவாக்கி டிரிபிள் ஹெச் கையில் கொடுத்தார்கள். பழைய டபிள்யூ.சி.டபிள்யூ.வின் தங்க நிற பெல்ட்டேதான்! ஆனால் இப்போது இரண்டு பெல்ட்டுக்கும் முதலாளி ஒருவரே.

2002ல் டி.என்.ஏ. என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது, ஆனால் அந்த அளவுக்கு வளரவில்லை. பெரும் பணத்தோடு இன்னொரு போட்டியாளர் அமெரிக்காவில் வர 2019 ஆனது. அது ஏ.இ.டபிள்யூ. 2019 ஆகஸ்ட் 31ஆம் தேதி, சிகாகோ அருகே, அதன் முதல் உலக சாம்பியன் ஆனவர் யார்?

அதே கிறிஸ் ஜெரிகோ.