குரங்குகள் கொண்டுவந்த சேதி

குரங்கைக் கண்டால் நாம் ஒன்று கும்பிடுவோம். இல்லாவிட்டால் கல்லெடுத்து விரட்டுவோம். அது செத்துக் கிடந்தால் ஏனென்று கேட்பாரில்லை. 1957-ஆம் ஆண்டில் சிலர் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்நாளைய மைசூர் ராஜ்யத்தில், ஷிமோகா ஜில்லா, சொரபா தாலுகாவில் கியாசனூர் என்றொரு காடு. அங்கே கருமூஞ்சிக் குரங்குகளும் நாட்டுக் குரங்குகளும் மரத்தடியில் மாண்டு கிடந்தன. சுற்றுக் கிராமங்களிலோ கடுங்காய்ச்சல். மண்டையைப் பிளக்கும் தலைவலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம். முதலில் டைபாய்டு இனமென்றே சந்தேகித்தார்கள். கிராமத்து ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'மங்கன காயிலே', அதாவது குரங்கு வியாதி என்றார்கள்.

பூனாவில் 1952-இல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் துணையோடு தோன்றிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சேதி எட்டியது. அவர்களைப் பெருங்கவலை பற்றிக்கொண்டது. தென் அமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் கிளம்பினால் குரங்குகள்தாம் முதலில் மடியும். இந்தியாவில் அந்தக் காய்ச்சல் கால் வைத்ததில்லை. ஆனால் அதைச் சுமக்கக்கூடிய கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே குடியிருக்கிறது. வந்துவிட்டால் என்ன கதி?

டெல்ஃபோர்டு வொர்க் என்பவரும் அவர் சகாக்களும் காட்டுக்குப் போனார்கள். கிருமி அகப்பட்டது. நல்லவேளை, மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அது ருஷ்யக் காடுகளில் மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் ஒரு வைரஸுக்கு உறவுமுறை! அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு பறவையியலார் சாலிம் அலி பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்தார். பறவைகள்மீதான வழக்கு நிரூபணமாகவில்லை.

பரப்புவது காட்டு உண்ணி என்பது மட்டும் உறுதியாயிற்று. குரங்கு செத்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் கீழே உதிர்கின்றன. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் வருகிறவரைக் கடிக்கின்றன. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. காட்டை வெட்டித் திருத்தி, உள்ளே மாடுகளை ஓட்டினோம். அவற்றின் ரத்தத்தைக் குடித்து உண்ணிகள் பல்கிப் பெருகின. நோய்க்குப் பெயர் மட்டும் குரங்கின் தலையில் விழுந்தது. இந்தப் பெயர் சூட்டலை என்னால் ஒப்பமுடியவில்லை. தானும் செத்து, நமக்கும் எச்சரிக்கை செய்கிற பிராணியைக் குற்றவாளி என்பது என்ன நியாயம்?

நோய் கியாசனூரோடு நிற்கவில்லை. 2012-இல் பந்திப்பூர்ப் பக்கமும், பின்னர் வயநாட்டிலும் கோவாவிலும் தலைகாட்டியது. நூறு பேருக்கு வந்தால் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். இதற்கென்றே தனி மருந்தும் கிடையாது. இறப்பவர்களில் பலர் காட்டை நம்பிக் கஞ்சி குடிக்கும் ஏழைகள்.

வானரம் தூது போன கதை நமக்குப் புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகிற நேயர்கள், குரங்கு செத்துக் கிடக்கக் கண்டால் தொடாமல் விலகி, வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாளைக்கு அங்கே விறகுக்கு வரும் ஒருத்தியின் உயிர் அதனால் பிழைக்கலாம்.