தாம்: உயிரின் பெயர்

தாம் (பெயர்ச்சொல், பன்மை: தாமீம்): எபிரேயத்தில் இரத்தம். அரபியில் 'தம்', அக்காடியத்தில் 'தாமு' என ஒரே செமித்திய வேர். பன்மைக்குக் கொலைப்பழி என்ற பொருளும் உண்டு.

உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது எபிரேய வேதாகமத்தின் லேவியராகமம் 17. ஆகவே அதை உண்ணலாகாது. வேட்டையில் பிடித்த பறவையானாலும் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூடவேண்டும். பலிபீடத்தில் அதே இரத்தம் பாவநிவர்த்தி தரும். யாத்திராகமம் 24-இல் மோசே காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும் மறுபாதியை மக்கள்மேலும் தெளித்து உடன்படிக்கையை உறுதிசெய்கிறார்.

ஆபேலின் கொலையைச் சொல்லும் ஆதியாகமம் 4:10-இல் இச்சொல் பன்மையில் வருகிறது. அவனுக்குப் பிறந்திருக்கவேண்டிய சந்ததியின் இரத்தமும் சேர்ந்தே முறையிடுகிறது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விளக்கும். ஓர் உயிரின் மதிப்பை இதைவிட உயர்த்திச் சொல்வது அரிது.