கட்டிளமைப் பருவத்தினருக்கான சுகாதாரக் கல்வியை மதிப்பிடுதல்: கல்முனைக் கரையோரம்

கட்டிளமைப் பருவத்தினருக்கான சுகாதாரக் கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிடுவது என்றால், 10 முதல் 19 வயது வரையான பிள்ளைகளுக்கு நடத்தப்பட்ட வகுப்பும் செயலமர்வும் பிரசாரமும் அவர்களுடைய அறிவிலும் பழக்கத்திலும் உடல்நலத்திலும் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தன என்று கண்டறிவதாகும். மாற்றம் நேர்ந்ததா என்பது முதற் கேள்வி. அது திட்டத்தால் நேர்ந்ததா, திட்டம் இல்லாமலும் நேர்ந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. முதற் கேள்வியோடு நின்றுவிடும் அறிக்கைகளே அதிகம்.

இலங்கையின் நிர்வாக மாவட்டங்கள் 25 ஆக இருக்க, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகள் 26 ஆக உள்ளன. அம்பாறை மாவட்டம் அம்பாறை, கல்முனை என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதே காரணம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய முஸ்லிம் பெரும்பான்மை ஊர்களும் காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழ் ஊர்களும் கல்முனைப் பிராந்தியத்துள் அடங்கும். இதனால் நோய்ப் பதிவுகள் கரையோரத்துக்கெனத் தனியே கிடைக்கின்றன. மாவட்டச் சராசரிக்குள் கரைந்துபோவதில்லை. ஆனால் கல்வி வலயங்களின் எல்லையும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் எல்லையும் ஒன்றல்ல. பாடசாலைத் தரவையும் நோய்த் தரவையும் பொருத்திப் பார்ப்பவர் முதலில் இந்தக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இங்கு எந்தத் திட்டமும் வெற்றிடத்தில் தொடங்குவதில்லை. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தை மாணவர் தரம் 6 முதல் 9 வரை கட்டாயமாகப் படிக்கின்றனர். சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் நடைபெறுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு வழங்கப்படுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதும் பாடசாலைக்கு வந்துபோகின்றனர். எனவே ‘திட்டம் கிடைக்காத பாடசாலை’ என்பது எதுவுமே கிடைக்காத பாடசாலை அன்று. அளக்க வேண்டியது, வழக்கமான சேவைக்கு மேலாகப் புதிய திட்டம் கூட்டிய பங்கு.

மதிப்பீடு வழக்கமாக நான்கு படிகளில் ஏறுகிறது. திட்டமிட்டபடி அமர்வுகள் நடந்தனவா, எத்தனை பேர் வந்தனர் என்பது செயன்முறை மதிப்பீடு. பிள்ளைகள் என்ன கற்றனர் என்பது இரண்டாம் படி. பழக்கம் மாறியதா என்பது மூன்றாவது; நோயும் துன்பமும் குறைந்தனவா என்பது கடைசி. வரவு இடாப்பையும் புகைப்படத்தையும் கொண்டு முதற்படியை நிறைவுசெய்யலாம். அமர்வுக்கு முன்னும் பின்னும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து இரண்டாம் படியையும் ஏறிவிடலாம். பரீட்சைக்குப் பழகிய இலங்கை மாணவர் இரண்டாம் முறை கூடுதல் புள்ளி எடுப்பதில் வியப்பில்லை. அந்தப் புள்ளி உயர்வைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. புகைத்தலின் தீமைகளை ஐந்து வரியில் பிழையின்றி எழுதும் மாணவனே மாலையில் சிகரெட்டைப் பற்றவைக்கலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1984 முதல் 1999 வரை நடந்த ஹட்சின்சன் புகைத்தடுப்பு ஆய்வு இதற்குப் பெரிய சான்று. 40 கல்விப் பிரிவுகளில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்டனர். பாடங்கள் ஒழுங்காகவே நடத்தப்பட்டன. இறுதியில், பாடம் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே புகைத்தலில் வேறுபாடு காணப்படவில்லை. நன்றாக நடத்தப்பட்ட திட்டமும் பயனற்றுப் போகலாம் என்பது நேர்மையான அளவீட்டால் மட்டுமே தெரியவந்தது.

எதிர்மாறான முடிவுகளும் உண்டு. சென்னையிலும் டெல்லியிலும் 32 பாடசாலைகளில் 2004 முதல் 2006 வரை நடந்த மைத்ரி ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் புகையிலைப் பாவனை ஒப்பீட்டுக் குழுவில் கூடியது, திட்டக் குழுவில் குறைந்தது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பாடசாலைகளை உள்ளடக்கி 2018இல் முடிவு வெளியான சேஹர் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது: ஒரே திட்டத்தைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்தியபோது மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் குறைந்தன, ஆசிரியரே நடத்தியபோது பயன் தென்படவில்லை. யார் சொல்கிறார் என்பதையும் மதிப்பீடு அளக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 399 பேருக்கு 15 வகுப்பறை அமர்வுகள் நடத்தி ஆராய்ந்த முடிவு 2012இல் வெளியானது. சில பிள்ளைகள் நன்மை பெற்றனர். ஆனால் அமர்வுகளுக்கு வந்த பெண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள், வராத பெண்பிள்ளைகளிடம் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. நல்லெண்ணத்துடன் செய்ததும் தீங்காகக்கூடும். 2004 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை, 10,000க்கும் மேலாக, இழந்த மாவட்டம் அம்பாறை. அதன் கரையில் உளநலத் திட்டம் நடத்துவோர் இந்த எச்சரிக்கையைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

கரையோரத்தின் இரண்டு காலச் சக்கரங்கள் மதிப்பீட்டாளரை எளிதில் ஏமாற்றுகின்றன. முதலாவது மழை. வடகீழ்ப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரியில் நுளம்பு பெருகுகிறது. அதன் பின்னேயே டெங்கும் ஏறுகிறது. நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்கினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017இல் கல்முனைப் பிராந்தியமும் பாதிக்கப்பட்டது. நோய் உச்சத்தில் இருக்கும் மாசியில் பாடசாலைகளில் விழிப்புணர்வு நடத்தி, சித்திரையில் நோயாளர் தொகையை எண்ணினால் குறைந்தே இருக்கும். வெயில் குறைத்ததைக் கல்வி குறைத்ததாக எழுதிவிடுவோம். இதைத் தவிர்க்க, திட்டம் நடக்காத அயல் ஊரின் அதே மாத எண்ணிக்கையோடும் முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடும் ஒப்பிட வேண்டும். டெங்குக் கல்விக்கு ஒரு சிறப்பு வசதியும் உண்டு: பிள்ளையின் வாய்மொழியை நம்பத் தேவையில்லை. மாணவரின் வீட்டு வளவில் பூச்சாடித் தட்டு, கிணற்றடி வாளி, பழைய டயர் ஆகியவற்றில் குடம்பி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். 100 வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் குடம்பி உண்டு என்ற பிரட்டோ சுட்டெண், எந்த வினாத்தாளையும் விட உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது நோன்பு. புகையிலை பற்றிய சர்வதேச மாணவர் வினாக்கொத்துகள் ‘கடந்த 30 நாட்களில்’ என்று கேட்கின்றன. பகல் முழுவதும் உணவும் நீரும் புகையும் வெற்றிலையும் விலக்கப்படும் றமழான் முடிந்த கையோடு இந்தக் கேள்வியைக் கேட்டால், முஸ்லிம் ஊர்களில் பாவனை வீழ்ந்ததுபோலத் தோன்றும். உணவு, உடற்பயிற்சி, நித்திரை பற்றிய கேள்விகளும் அப்படியே திரியும். றமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்வதால், ‘சென்ற ஆண்டின் அதே மாதம்’ என்ற ஒப்பீடும் உதவாது. முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை தமிழ், சிங்களப் பாடசாலைகளின் தவணைகளோடு ஒத்துவருவதில்லை. சாய்ந்தமருதுப் பாடசாலை ஒன்றை அயலிலுள்ள காரைதீவுப் பாடசாலையோடு ஒப்பிடுபவர், தவணைக் கலண்டரை முதலில் கையில் எடுக்கவேண்டும். ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளிக்கிழமை முஸ்லிம் பாடசாலை முற்பகலிலேயே கலையும். அன்று போட்ட அமர்வு பாதியில் முடிந்ததா என்பதும் செயன்முறைப் பதிவில் இருக்கவேண்டும்.

மாதிரி அளவிலும் கவனம் வேண்டும். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். 40 பேரிடம் கேட்பது 40 தனித்த பதில்களைத் தராது. இந்த ஒத்திருப்பை அளக்கும் வகுப்புக்குள் ஒப்புமைக் குணகம் 0.02 என்று மிகச் சிறிதாக இருந்தாலும், 40 பேர் கொண்ட வகுப்புகளில் இருந்து திரட்டிய 400 மாணவர்கள் கணக்கில் ஏறத்தாழ 225 பேருக்கே சமம். அதனால் பிள்ளைகளை அல்ல, பாடசாலைகளையே சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறார்கள். ஒரே நெடுஞ்சாலையில் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இக்கரையில் இன்னொரு சிக்கல்: இரு பாடசாலைப் பிள்ளைகளும் மாலையில் ஒரே ரியூஷன் வகுப்பில் அமர்கின்றனர். திட்டத்தின் செய்தி ஒப்பீட்டுப் பாடசாலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்; உண்மைப் பயன் குறைவாகத் தெரியும்.

கேள்வியின் சொற்களும் முடிவை மாற்றும். ‘புகையிலை பாவித்தீர்களா?’ என்று கேட்டால், பாக்குப் பொட்டலம் மெல்லும் பையன் ‘இல்லை’ என்றே கோடிடக்கூடும். புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. எனவே பாக்கைப் பெயர் சொல்லித் தனியே கேட்கவேண்டும். மாதவிடாய் பற்றிய வினாத்தாளை ஆண் உத்தியோகத்தர் கொண்டுவந்தால் மாணவியர் வெறுந்தாளைத் திருப்பித் தருவது இயல்பு. 2008இலும் 2016இலும் இலங்கையில் நடந்த உலகளாவிய பாடசாலை மாணவர் சுகாதார ஆய்வு, பெயர் எழுதாத விடைத்தாள் முறையைக் கையாண்டது. விடைகளை வகுப்பாசிரியர் சேகரிக்காமல் இருப்பது அவசியம். சுயகூற்றை வெளிச்சான்றால் சரிபார்ப்பதும் உதவும்: 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது, பாடசாலைக்கு அருகிலுள்ள கடைகள் அதற்குக் கட்டுப்படுகின்றனவா என்பது கண்ணால் காணக்கூடிய அளவு.

பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் இணக்கமும் இரண்டுமே பெறப்படவேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் வினாத்தாள், உதவி தேவைப்படும் பிள்ளை எங்கே போகலாம் என்பதை அன்றே சொல்லித் தர வேண்டும். கல்முனையின் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ வடக்கு ஆதார வைத்தியசாலையோ அந்தப் பிள்ளையை ஏற்க ஆயத்தமாக இருப்பதை உறுதிசெய்யாமல் கேள்வியைக் கேட்பது தவறு.

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது சில பெயர்கள் இடாப்பில் இருக்காது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர், வள்ளத்துக்கும் வயலுக்கும் கடைக்கும் போனவர், தாய் வெளிநாடு போனதால் உறவினர் வீட்டுக்கு மாறியவர் ஆகியோர் அவர்கள். இவர்களை விட்டுவிட்டு வகுப்பில் எஞ்சியோரை மட்டும் அளந்தால் திட்டம் உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும், ஏனெனில் இடர் மிகுந்தோரே முதலில் வெளியேறுகின்றனர். தொடக்கத்தில் பெயர் பதிந்த அனைவரையும் கடைசிக் கணக்கில் வைப்பதும், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதின் துணையோடு விடுபட்டோரைத் தேடிச் சென்று கேட்பதும் இதற்கு வழிகள். தேடியும் கிடைக்காதோர் எத்தனை பேர், அவர்கள் எந்த ஊரவர், எந்தத் தரத்தில் நின்றவர் என்பதை அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே அச்சிடுவது நல்ல மதிப்பீட்டின் வழக்கம்.