கொடுத்த வேகமும் எடுத்த வேகமும்

மேசைக் கணினியின் பிராசசரை, அதைச் செய்த நிறுவனம் குறித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங். பிராசசர் ஒவ்வொரு வேலையையும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒத்துச் செய்கிறது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் அதன் வேகம் வரும். 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கினால் 300. இரண்டில் எதைக் கூட்டினாலும் வேகம் ஏறும். அப்படி ஏற இடம் இருப்பதற்குக் காரணம் தயாரிப்பு முறை. ஒரே வேஃபரில் (சிலிக்கான் தகட்டில்) வெட்டிய சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சோதித்துத் தரம் பிரிக்கிறவர்கள் புழுக்கமான அறை, தூசி அடைத்த ஃபேன், வருடக்கணக்கான உழைப்பு எல்லாவற்றையும் நினைத்து, எந்த நிலையிலும் தாங்கும் வேகத்தைத்தான் மேலே அச்சிடுகிறார்கள். மலிவு ரகம் அதிகம் விற்கும் காலத்தில் நல்ல சில்லும் குறைந்த வேகத்தின் பெயரில் வெளியே போகும். அச்சிட்ட வேகத்துக்கும் உண்மையில் தாங்கும் வேகத்துக்கும் இடையே நிற்கும் அந்த மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதே இந்தப் பழக்கத்தின் வரலாறு.

சென்னை வட்டாரத்தில் கணினி இரண்டு வழிகளில் உருவானது. அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெரு, மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு கடைகளில் மதர்போர்டு, பிராசசர், ராம், கேபினட் எனத் தனித்தனியாக வாங்கிப் பூட்டுவது முதல் வழி. ‘அசெம்பிள் செட்’ என்று அதற்குப் பெயர். பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் பூட்டி, பெட்டியில் அடைத்து வருவது அடுத்த வழி. முதல் வழியில் போர்டைத் தேர்ந்தெடுத்தவர் அந்த மிச்சத்தைத் தொட முடிந்தது. இரண்டாவதில் அது பூட்டிய நிலையிலேயே வந்தது.

1990களில் மிச்சத்தை முதலில் எடுத்தவர்கள் ஆர்வலர்கள் மட்டுமல்ல, ஏமாற்று வியாபாரிகளும்தான். வேகம் குறைந்த இன்டெல் பெண்டியத்தின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தை அச்சிட்டு விற்ற மோசடி பல நாடுகளில் நடந்தது. ‘ரீமார்க்’ சரக்கு என்றால் கணினி வியாபாரிகளுக்குத் தெரியும். வாங்கியவருக்கோ கணினி ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று புரியாது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெருக்கெண்ணைத் தொட முடியாதவர்கள் அடிப்படைத் துடிப்பின் பக்கம் திரும்பினார்கள்.

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் வெளியிட்ட பிராசசர்களில் இரண்டு: 669 டாலருக்குப் பெண்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 149 டாலருக்குச் செலரான் 300ஏ. செலரானின் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்றினால் அதுவும் 450இல் ஓடியது. 128 கிலோபைட் கேஷ் நினைவகம் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இருந்ததால், நான்கு மடங்குக்கு மேல் விலையுள்ள அண்ணனுக்குப் பல வேலைகளில் அது ஈடுகொடுத்தது. போர்டில் அந்த வசதி இல்லையென்றால், பிராசசர் அட்டையின் விளிம்பில் பி21 என்ற ஒரே ஒரு முனையின் மேல் நூலளவு டேப்பை ஒட்டினால் போதும். போர்டு 100 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளும். தைரியசாலிகள் நகப்பூச்சை வைத்தே அந்த முனையை மறைத்தார்கள். மேலே ‘மலாய்’ என்று அச்சிட்டிருக்கிறதா, ‘கோஸ்டா ரிக்கா’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கியவர்களும் உண்டு. அடுத்த மாதமே இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா அப்போது கார் ஊராகத்தான் மாறிக்கொண்டிருந்தது. கணினி வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

2000இல் ஏஎம்டியின் டியூரானும் சாக்கெட் வகை அத்லானும் வந்தபோது கருவி இன்னும் எளிதானது. சில்லின் மேல்பரப்பில் வெட்டிவிட்டிருந்த எல்1 என்ற நுண்ணிய இணைப்புகளை சாதாரண பென்சில் முனையால் தேய்த்தால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்திப் பெருக்கெண்ணின் பூட்டைத் திறந்துவிடும். வெப்பத்தின் பாடத்தைக் கற்பித்ததும் அதே அத்லான்தான். அதன் சிலிக்கான் மேல்மூடியில்லாமல் திறந்தே இருந்தது. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் கொக்கியைச் சாய்த்து அழுத்தினால் ஓரம் உடையும். ஹீட்சிங்க் கழன்றுவிட்டாலோ சில நொடிகளில் கருகிப்போகும்.

வோல்ட்டேஜின் பாடம் 2002-03இல் வந்தது, அதுவும் மெதுவாக. வேகம் ஏற ஏற டிரான்சிஸ்டர்கள் ஒரு துடிப்புக்குள் நிலைமாற நேரம் போதாமல் போகும். வோல்ட்டைக் கூட்டினால் விரைந்து மாறும். பெண்டியம் 4இன் நார்த்வுட் வகைக்கு ஏறக்குறைய 1.5 வோல்ட் போதும். 1.7க்கு மேல் கொடுத்தவர்களின் கணினி வாரக்கணக்கில் நன்றாகவே ஓடி, ஒருநாள் எழவேயில்லை. காரணம் எலக்ட்ரோமைக்ரேஷன்: அடர்ந்து பாயும் எலக்ட்ரான்கள் சில்லுக்குள் இருக்கும் கம்பியின் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுபோய், ஓரிடத்தில் கம்பியை மெலியவைத்து அறுத்துவிடும். வெப்பமும் மின்னோட்டமும் கூடினால் இது விரைவாகும். குளிர்ச்சியாக வைத்திருந்தால் எவ்வளவு வோல்ட்டும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. தாங்குகிறது என்பது வேறு, நீடிக்கிறது என்பது வேறு என்று ஆர்வலர்கள் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2007இல் டெல் தன் முதல் இந்தியத் தொழிற்சாலையை அங்கே திறந்து மேசைக் கணினி செய்தது. 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி 2005க்குள் கணினிக்கும் பாகங்களுக்கும் இறக்குமதித் தீர்வை நீங்கியிருந்தது. முழுக் கணினியே தீர்வையின்றி இறங்கக்கூடிய நேரத்தில் இங்கே ஒரு லைன் அமைந்தது சிறிய காரியமல்ல. இப்படிப்பட்ட லைனில் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிய கைகள் பிராசசரைச் சாக்கெட்டில் வைத்து, ஹீட்சிங்கை முடுக்கும். பூட்டிய கணினி சோதனைக்குப் போகும். ஒரே மாதிரியான ஆயிரம் பெட்டிகள் ஆயிரம் அலுவலகங்களில் மூன்று ஆண்டு வாரண்டியோடு ஓட வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் மேசைக் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் துடிப்பையும் வோல்ட்டையும் காட்டாமலே விடுவது அதனால்தான். ஆர்வலர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்ததுண்டு. அது சரியல்ல, ஏசி இல்லாத பள்ளி ஆய்வகத்தில் கணினியை விடாமல் ஓடவைப்பது அந்த மிச்சம்தான்.

ஆனாலும் டேப் திரும்ப வந்தது. 2007 ஜூலையில் இன்டெல் நான்கு கோர் கொண்ட கியூ6600இன் விலையை 266 டாலராகக் குறைத்தது. 266 மெகாஹெர்ட்ஸை ஒன்பதால் பெருக்கிய 2.4 கிகாஹெர்ட்ஸ் சில்லு அது. அதன் அடிப்புறத்துப் பொன்னிறப் புள்ளிகளில் ஒன்றை மறைத்துவிட்டால், போர்டின் சிப்செட் ஏற்குமானால், துடிப்பு 333 ஆகி வேகம் 3 கிகாஹெர்ட்ஸ் ஆகும். பயாஸ் பூட்டிய கம்பெனிக் கணினிகளுக்கென்றே இந்த வழி பரவியது. வோல்ட்டை மட்டும் கூட்ட முடியாது. குறித்த வோல்ட்டிலேயே அந்த வேகத்தைத் தாங்கும் சில்லு கிடைத்தவருக்குப் பலன். மற்றவர் டேப்பை உரித்துவிட வேண்டியதுதான்.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் இந்த வழியையும் அடைத்தது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸில் நின்றது. சில சதவீதம் நகர்த்தினாலே மற்ற பாகங்கள் தடுமாறின. பூட்டில்லாத பெருக்கெண் வேண்டுமானால் பெயரின் முடிவில் ‘கே’ உள்ள ரகத்தையும் அதற்கேற்ற போர்டையும் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். அதுவரை பயனர் கண்டெடுத்த மிச்சத்துக்கு அன்றுமுதல் விலைச்சீட்டு ஒட்டப்பட்டது.

இந்தக் காலத்து ஓவர்கிளாக்கிங் ஏறக்குறைய முழுவதும் வோல்ட், வெப்பம் இரண்டின் கணக்கு. செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்ட்டின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் ஓடும் சில்லை 1.35 வோல்ட் கொடுத்து 4.5க்குக் கொண்டுபோனால், வேகம் 36 சதவீதம்தான் கூடும், வெப்பம் 1.7 மடங்காகும். ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சுடும் சில்லு, மார்கழியில் 25 டிகிரி அறையில் 70இல் நிற்கும். கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 83ஐத் தொடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. குளிர்நாட்டுக்காரர் தந்த அளவை அப்படியே இங்கே வைக்க முடியாது. டிசம்பரில் நிலையாக நின்ற கணினி மே மாதத்தில் தடுமாறினால் குறை அமைப்பில்தான்.

ஆகவே நிதானமாகச் செய்வோர் ஒரே முறையில் ஒரே படி ஏற்றுவார்கள்: 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, பிரைம்95 போன்ற கணக்கு நிரலை மணிக்கணக்கில் ஓட்டி, விடை தவறினால் மட்டும் 0.01 அல்லது 0.02 வோல்ட் சேர்ப்பார்கள். அந்த நிரலுக்குச் சரியான விடை முன்பே தெரியும். கணினி நிற்காமலே தப்பாகக் கணக்கிட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். அளவு மீறிப்போய்த் திரை வராவிட்டால் மின்இணைப்பைப் பிடுங்கி, மதர்போர்டின் பொத்தான் பேட்டரியைக் கழற்றிச் சற்றுநேரம் பொறுத்துத் திரும்பப் போட்டால், பயாஸ் பழைய அளவுக்கு வந்துவிடும்.

மிச்சத்தைக் கடைசியில் சில்லே எடுத்துக்கொண்டது. 2008இல் இன்டெல் கொண்டுவந்த டர்போ பூஸ்ட், வெப்பமும் மின்திறனும் இடம்கொடுக்கும்போது வேகத்தைத் தானே ஏற்றும். 2017இல் வந்த ரைசனும் அப்படியே. இன்றைய சில்லுகள் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே எல்லைக்கு அருகில் ஓடுகின்றன. அதன் விலை 2024இல் தெரிந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் சில, தேவைக்கு மேல் வோல்ட்டைத் தாமே கேட்டு வாங்கிப் பழுதாயின. ஓவர்கிளாக் செய்யாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டோடு நிறுத்தியது. வாரண்டி இரண்டு ஆண்டு நீண்டது.

இப்போது ஆர்வலர்களில் பலர் எதிர்த்திசையில் வேலை செய்கிறார்கள். வேகத்தை அப்படியே விட்டு வோல்ட்டை மட்டும் சிறிதுசிறிதாகக் குறைப்பது ‘அண்டர்வோல்ட்டிங்’. சில்லு பத்துப் பதினைந்து டிகிரி குளிர்ந்தால் டர்போ கூடுதல் நேரம் நிற்கும், ஃபேன் சத்தமும் அடங்கும். நம் ஊர் வெயிலுக்குப் பொருந்திய முறை இதுதான். மிச்சத்தைப் பூட்டி அனுப்பும் பெட்டிகளின் வழியும் தொடர்கிறது: ஸ்ரீபெரும்புதூரில் 2020 ஆகஸ்ட் முதல் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் எச்பி நிறுவனத்தின் அலுவலக மேசைக் கணினிகளும் உருவாகின்றன.